பலகையில் மாட்டியது

ஜனவரி 5, ஞாயிறு

பிரிசில்லா டீச்சருக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நோட்டில் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்காது. சில ஏறி உட்காரும், சில கீழே தொங்கும். 'ண' எழுதும்போது எத்தனை சுழி போட்டேன் என்பது எனக்கே மறந்துவிடுகிறது. ஐம்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்குப் பென்சில் ரொம்ப மெலிசு. பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

முதியோர் வகுப்பில் தினமும் நாலு வரி எழுதச் சொன்னீர்கள். எட்டு நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர் வந்தது. பதினாறு குடம் பிடித்தேன். இதை எழுத ஒரு மணி நேரம் ஆனது. தண்ணீர் பிடிக்க அரை மணிதான்.

ஜனவரி 6, திங்கள்

பஸ்ஸின் நெற்றியில் இருந்ததைப் படித்தேன். முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. காந்திபு வரைக்கும் வந்தேன். மீதி எனக்குத் தெரியும்.

ஜனவரி 9, வியாழன்

இன்று சென்னையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் கீர்த்திவாசன். நாற்பத்தைந்து வயது இருக்கும். பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய கட்டடம் கட்டியிருக்கிறார்களாம். மோட்டார் பந்தயத்தில் நாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களின் படமும் வண்டியும் அதில் இருக்குமாம். பெயர் தேசிய மோட்டார் பந்தயப் புகழ் மாடம். அவர் தந்த அட்டையில் அதை நானே படித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

முதல் வருஷம் பதினொரு பேருக்கு மரியாதை செய்கிறார்கள். அதில் ஒருவர் வசுந்தரா அம்மணி. எங்கள் மில் முதலாளியின் மகள். அவர் ஓட்டிய காருக்கு நான் மெக்கானிக்காக இருந்தேன். பந்தயம் நடக்கும்போது பலகை பிடிப்பதும் நான்தான்.

"அந்தப் பலகை வேணும்னு மேடம் சொல்றாங்க. இத்தனை வருஷம் ஆச்சே, இருக்குமான்னு கேட்டேன். நஞ்சப்பன் தூக்கிப் போட்டிருக்க மாட்டான்னாங்க" என்றார்.

"இருக்குதுங்க. மேல மொட்டை மாடியில வடகம் காயுது அதுல" என்றாள் மாராத்தாள். என் மனைவி.

பலகை என்ன என்று டீச்சருக்குத் தெரிய வேண்டும். பந்தயத்தில் கார் ஓட்டுகிறவருக்கு எத்தனை சுற்று மிச்சம், பின்னால் யார் வருகிறார்கள் என்பது தெரியாது. எஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. ஆகவே ரோட்டோரச் சுவருக்குப் பின்னால் நின்று ஒரு பலகையைச் சுவருக்கு மேல் நீட்டிக் காட்டுவோம். மற்றவர்கள் பலகையில் நம்பரும் இங்கிலீஷ் எழுத்தும் இருக்கும். நான் முதல் தடவை பிடித்தபோது ஆறைத் தலைகீழாகப் பிடித்து ஒன்பதாக்கிவிட்டேன். அம்மணி வண்டியை நிறுத்தி இறங்கி வந்து சிரித்தார்.

"நஞ்சா, உனக்கு எதுதான் அடையாளம் தெரியும்?"

"டம்ளர் தெரியும்ங்க அம்மணி" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ரெட் ஆக்சைடு அடித்த பலகையில் ஆறு கொக்கி. எத்தனை எவர்சில்வர் டம்ளர் விளிம்பில் மாட்டித் தொங்குகிறதோ அத்தனை சுற்று மிச்சம். வெயிலில் நன்றாக மின்னும். பெட்ரோல் குறைவு என்றால் புனல். பின்னால் ஒருத்தன் நெருங்குகிறான் என்றால் வீடு பெருக்கும் சீமாறு. உடனே உள்ளே வந்து நிறுத்து என்றால், வெள்ளைப் பெயின்ட் அடித்த சைக்கிள் டயர். மற்ற குழுக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு நாங்கள் என்ன பேசிக்கொள்கிறோம் என்று புரியாமல் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

"இந்த ரகசியக் குறியீட்டை எப்படி ஐயா யோசிச்சீங்க?" என்று கீர்த்திவாசன் கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதான்."

அவர் நான் தமாஷ் செய்வதாக நினைத்து நன்றாகச் சிரித்தார். டம்ளர்களும் வேண்டும் என்றார். அவர் கையில் காப்பியோடு இருந்தது அதில் ஒன்று என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

பலகையைக் கழுவினேன். ஐந்து கொக்கி நேராக இருக்கிறது, ஒன்று வளைந்திருக்கிறது. வளைந்ததை நிமிர்த்தவில்லை. அன்றைக்கே அது வளைந்துதான் இருந்தது.

"வடகத்துக்கு வேற பலகை வேணும்" என்றாள் மாராத்தாள். "பாத்து வாங்கீட்டு வாங்க. பலகைன்னு சொன்னா படியைத் தூக்கீட்டு வந்துரப் போறீங்க. டம்ளரை மாத்தி மாட்டின ஆளுதானே."

இதை அவள் சொல்லாத வாரம் இல்லை. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டாலும், சிலிண்டர் ரெகுலேட்டரைக் கோணலாக வைத்தாலும் இதுதான். எனக்குப் பழகிவிட்டது. மழைக்காலத்தில் முழங்கால் வலிப்பது போல.

டம்ளர்களைத் துலக்கும்போது வாயோரத்தில் புள்ளிப் புள்ளியாக ஏதோ வெட்டியிருப்பதைப் பார்த்தேன். பூவேலை என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தேன். பெ. மாராத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த சீர் டம்ளர். ஆறில் மிஞ்சிய ஐந்திலும் அதே பெயர். நாற்பத்தொன்பது வருஷமாக இவள் பெயரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அவளைக் கூப்பிட்டு விரலை வைத்துப் படித்துக் காட்டினேன்.

"தெரியாதாக்கும்? கடைக்காரன் வெட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். ஆனால் ஒரு டம்ளரை வாங்கி, முந்தானையில் துடைத்து, தானும் ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எழுத நேரம் இல்லை. கரும்பு கடிக்கப் பல் இல்லை. இரண்டு 'இல்லை' எழுதிவிட்டேன். இரண்டும் கோட்டின் மேல் நிற்கின்றன.

ஜனவரி 18, சனி

தபாலில் எனக்கு ஒரு கவர் வந்தது. என் பெயர் போட்டு வந்த கவரை நானே வாங்கி, நானே படித்து, நானே பிரித்தேன். தபால்காரரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன்.

உள்ளே கீர்த்திவாசன் எழுதிய கடிதமும், கண்ணாடிப் பெட்டியில் பலகைக்குக் கீழே வைக்கப் போகும் வாசகமும் இருந்தன. பிழை இருந்தால் போனில் சொல்ல வேண்டுமாம். வாசகத்தைப் படிக்க இருபது நிமிஷம் ஆனது. இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"சோழவரம், 1977. வசுந்தராவின் குழு பயன்படுத்திய குறிப்பலகை. பதினெட்டாம் சுற்றில் அவரை உள்ளே அழைக்கும் குறிக்குப் பதிலாக, எழுத்தறிவில்லாத உதவியாளர் ஒருவர் தவறுதலாக வேறு குறியை மாட்டிவிட்டார். அந்தத் தவறே வசுந்தராவுக்கு வெற்றியைத் தந்தது."

நல்ல அச்சு. எழுத்துகள் பெரிது. 'குறிப்பலகை' என்பது கடினமான சொல், மூன்றாவது தடவையில் பிடிபட்டது. முதலாளி அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னதிலிருந்து எடுத்ததாகக் கடிதத்தில் இருக்கிறது. முதலாளி இறந்து இருபது வருஷம் ஆகிறது.

போன் செய்தேன்.

"எல்லாம் சரிங்க. ஒரே ஒரு விஷயம். எழுத்தறிவில்லாதன்னு போட்டிருக்கீங்களே, அதை மாத்த முடியுமா? இப்ப இருக்குதுங்களே."

"ஐயா, அது 1977 கதை. அப்ப இல்லைல்ல?"

"அப்ப இல்லீங்க" என்றேன். அவர் சொல்வது நியாயம்தான்.

"வேற ஏதாச்சும் தப்பு?"

"இல்லீங்க."

ஜனவரி 19, ஞாயிறு

கையெழுத்துப் பயிற்சி. தவறுதலாக. தவறுதலாக. தவறுதலாக. தவறுதலாக. தவறுதலாக. தவறுதலாக.

'று' வுக்குத்தான் கை வளைய மாட்டேன் என்கிறது.

ஜனவரி 22, புதன்

கிரைண்டர் பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். எதிர் வீட்டுக்காரர்களுடையது. இனி மாவு நைசாக வரும்.

மதியம் போன் வந்தது. மாராத்தாள் எடுத்து, கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

"நஞ்சா."

குரல் கொஞ்சம் கரகரத்திருக்கிறது. மற்றபடி அதேதான்.

"சொல்லுங்க அம்மணி."

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேனுங்க. படிக்கக் கத்துக்கிட்டேன்."

"கீர்த்தி சொன்னான். அட்டை அனுப்பினானாமே. படிச்சியா?"

"படிச்சேனுங்க."

"என்ன தோணுச்சு?"

"அச்சு நல்லா இருந்துதுங்க."

போன் அறுந்துவிட்டதோ என்று காதை மாற்றி வைத்தேன்.

"எட்டாம் தேதி திறப்பு விழா. ஏழாம் தேதியே வந்து பலகையை நீதான் மாட்டணும். மாராத்தாளையும் கூட்டீட்டு வா."

"வர்றோமுங்க."

நாற்பத்தெட்டு வருஷத்தில் அம்மணியோடு பேசியது இதுதான் முதல் தடவை. அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

டீச்சர், இந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்து ஊக்கு குத்தியிருக்கிறேன். பிழை திருத்த இவற்றைப் பிரிக்க வேண்டாம்.

சோழவரத்தில் இருந்தது பழைய விமான ஓடுபாதை. வெயில் தாருக்கு மேல் தண்ணீர் போல் நெளியும். அன்று பந்தயம் இருபது சுற்று. எங்கள் மில்லின் பெயரில் இரண்டு கார் ஓடின. ஒன்றை அம்மணி ஓட்டினார், மற்றதை அவருடைய அண்ணன் ஜெயகர். பதினாறாம் சுற்றிலிருந்து அம்மணி முதலில் போனார். ஜெயகர் இரண்டாவது. பதினேழாம் சுற்று முடிந்ததும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து என் பின்னால் வந்து நின்றார்.

"டயரை மாட்டு. அவளை உள்ளே கூப்பிடு" என்றார்.

"வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லீங்களே" என்றேன்.

"ஜெயகர் பேரு பேப்பர்ல வரணும். மாட்டு."

மகனுக்கு அந்த வருஷம் தொழிலில் பொறுப்புக் கொடுக்க இருந்தார். கோப்பையோடு கொடுக்க நினைத்தார் போலிருக்கிறது. அது அவர் வீட்டு விஷயம்.

டயருக்கு அன்று காலையில்தான் நான் மறுபடி வெள்ளை அடித்திருந்தேன். சரியாகக் காயவில்லை. பலகையைச் சுவருக்கு மேல் நீட்டினால் அதன் முகம் ரோட்டுப் பக்கம் இருக்கும். எங்கள் பக்கத்துக்கு வெறும் மரம்தான் தெரியும். அதில் என்ன தொங்குகிறது என்று பிடிக்கிறவனுக்கும் ஓட்டுகிறவருக்கும் மட்டும் தெரியும். அம்மணியின் கார் வந்தது. தலை பலகைப் பக்கம் திரும்பியது. பிறகு நேராகத் திரும்பியது. எஞ்சின் சத்தம் குறையவில்லை. இன்னும் ஏறியது.

ஜெயித்தார். பெண் ஜெயித்ததால் கூட்டம் தடுப்பைத் தாண்டி ஓடி வந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முதலாளி எல்லாரும் பார்க்க அவர் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"டயர் மாட்டினது தெரியலையா?"

"டயரா? டம்ளர்தானேப்பா இருந்துச்சு. ரெண்டு டம்ளர்" என்றார் அம்மணி. என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"டம்ளருங்க" என்றேன். "மாத்தி மாட்டீட்டேனுங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க நேரம் கிடைக்கவில்லை. ஐந்து விரலிலும் வெள்ளை.

"எழுதப் படிக்கத் தெரியாதவனை வெச்சா இப்படித்தான்" என்றார் முதலாளி. அன்று சாயங்காலத்தோடு எனக்கு மில்லில் வேலை இல்லை. ரயிலுக்கு அங்கேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜன்னலோர இடம்.

பிறகு மூன்று பந்தயக் குழுக்களிடம் போய்க் கேட்டேன். மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "நீதானே அந்த மாத்தி மாட்டின ஆளு?" அப்புறம் எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் கிரைண்டர் மோட்டார் செய்யும் பட்டறைக்குப் போனேன். அங்கே பலகை கிடையாது. நாற்பத்தொரு வருஷம் இருந்தேன். கிரைண்டர் மோட்டாரும் சுற்றத்தான் செய்கிறது. ஒரே இடத்தில் சுற்றும், அவ்வளவுதான்.

கை வலிக்கிறது. இவ்வளவு நீளம் எழுதியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 27, திங்கள்

ஒரு பழைய சைக்கிள் டயருக்கு வெள்ளை அடித்தேன். அன்றைய டயர் எப்போதோ கிழிந்துவிட்டது. இந்தத் தடவை நன்றாகக் காய வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ரயிலில் சென்னைக்கு வந்தோம். பலகையை ஒரு போர்வையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்தேன். டம்ளர், புனல், சீமாறு எல்லாம் ஒரு கட்டைப்பையில். டயரை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

திருப்பூர். ஈரோடு. சங்ககிரி. சேலம். எல்லாம் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. பலகை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தூரத்திலிருந்தே தெரிகிறது.

"ஒவ்வொரு ஊரையும் நீங்க பேரு சொல்லிக் கூப்பிடாட்டி வண்டி நிக்காதாக்கும்?" என்றாள் மாராத்தாள்.

எதிரில் இருந்தவர் டயரைப் பார்த்து, "எதுக்குங்க இது?" என்று கேட்டார்.

"உள்ள வான்னு அர்த்தம்" என்றேன்.

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மாடம் பெரிய கட்டடம். தரை வழுக்குகிறது. வண்டிகளை மேடை மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். டயருக்கு அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. ஓடாத வண்டிகள். ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார்கள், உள்ளே சுத்தம். பந்தயத்துக்கு ஆதரவாக இருந்தவர்கள் என்று ஒரு சுவர் முழுக்கப் படங்கள். அதில் முதலாளி இருக்கிறார். கோட் போட்டிருக்கிறார். பெயரைப் படித்துவிட்டுக் கும்பிட்டேன்.

கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. பலகையை நிறுத்த ஒரு தாங்கி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே அந்த வாசகம், கெட்டி அட்டையில்.

"ஐயா, 1977 பந்தயத்துல பதினெட்டாவது சுத்துல பலகை எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டிக் குடுங்க. அதுக்கப்புறம் கண்ணாடியை மூடி சீல் வெச்சுருவோம். திறக்க மாட்டோம்" என்றார் கீர்த்திவாசன்.

அப்போது அம்மணி வந்தார். முடி முழுக்க வெளுத்து, கட்டையாக வெட்டியிருக்கிறது. கைத்தடி இருக்கிறது. ஆனால் அதை ஊன்றி நடக்காமல், கியர் போடுவது போல் முன்னால் தள்ளித் தள்ளி வந்தார். கூட அவருடைய அண்ணன் ஜெயகரின் மகன் நிதின். அவர்தான் இப்போது மில்லைப் பார்த்துக்கொள்கிறார். இந்தக் கட்டடத்துக்கும் உதவி செய்திருக்கிறாராம்.

"நஞ்சா. கிழவனாயிட்டே."

"நீங்க அப்படியே இருக்கீங்க அம்மணி."

"பொய் சொல்லாதே" என்றார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"மாட்டுங்க ஐயா" என்றார் கீர்த்திவாசன்.

நான் கட்டைப்பையிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றை முதல் கொக்கியிலும் ஒன்றை இரண்டாவது கொக்கியிலும் மாட்டினேன். மாராத்தாளின் பெயர் முன் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தேன். பலகையைத் தாங்கியில் நிறுத்திவிட்டு நகர்ந்தேன்.

"இதுதான் அந்தத் தப்பு. பாருங்க" என்று நிதின் பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார். "இது மட்டும் நடக்கலேன்னா அத்தைக்குக் கப் இல்லை." எல்லாரும் சிரித்தார்கள். மாராத்தாளும் சிரித்தாள்.

அம்மணி சிரிக்கவில்லை. பலகையையே பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு கைத்தடியை நிதினிடம் கொடுத்தார்.

"டயர் எங்கே?"

"இங்க இருக்குதுங்க."

"அந்த டம்ளரைக் கழட்டு."

"அம்மணி, பெட்டி சரியா இருக்குதுங்களே—"

"கழட்டு நஞ்சா."

கழற்றினேன். அவர் டயரை வாங்கிக்கொண்டார். கொக்கிக்குக் கை எட்டவில்லை. பலகையை எடுத்துக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் பின்னால் நின்று, பழையபடி இரண்டு பக்கமும் பிடித்தேன். டயர் மாட்டும் சத்தம் கேட்டது. வளைந்த கொக்கியில் மாட்டினார். நானும் அன்றைக்கு அதில்தான் மாட்டினேன்.

"அத்தை, என்ன பண்றீங்க?" என்றார் நிதின்.

"உன் தாத்தா சொன்னதைப் பண்றேன். அன்னைக்குத்தான் பண்ணல."

யாருக்கும் புரியவில்லை. அவர் உடைத்துச் சொன்னார்.

"எங்கப்பா என்னை உள்ளே கூப்பிடச் சொன்னாரு. உங்கப்பன் ஜெயிக்கணும்னு. நஞ்சன் டயரைத்தான் மாட்டினான். சரியாத்தான் மாட்டினான். நான் பார்த்தேன். பார்த்துட்டு மிதிச்சேன். அப்புறம் டம்ளர்னு சொன்னது நான். அவன் ஆமாம்னான்."

"நீங்க தப்பே பண்ணலையா ஐயா?" என்று கீர்த்திவாசன் கேட்டார்.

நான் பலகைக்குப் பின்னால் இருந்தேன். எனக்கு மரம்தான் தெரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லலையே நீ, நாப்பத்தெட்டு வருஷமா" என்றார் அம்மணி.

"யாரும் கேக்கலீங்களே" என்றேன்.

பிறகு மாராத்தாளின் குரல் கேட்டது. அவள் சத்தம் போடவில்லை. வீட்டில் போடுகிற சத்தத்தில் கால்வாசிகூட இல்லை.

"ஏனுங்க அம்மணி. அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"பயமா இருந்துச்சு மாராத்தா. சொல் பேச்சு கேக்கலேன்னு தெரிஞ்சா எங்கப்பா வண்டிச் சாவியை வாங்கி வெச்சிருப்பாரு. அதுக்கப்புறம் தொட விட்டிருக்க மாட்டாரு."

"உங்களுக்கு வண்டிச் சாவிங்க" என்றாள் மாராத்தாள். "எங்களுக்கு அடுப்பு. கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆகலீங்க. மூணு மாசம் எங்க அண்ணன் வீட்டுல இருந்து சாப்பிட்டோம். அவங்க பேசுனதெல்லாம் கேட்டு, நானும் இந்த மனுசனைப் பேசுனேன். இத்தனை வருஷம் பேசுனேன்."

"ஆமா" என்றார் அம்மணி. அவ்வளவுதான். வேறு என்ன சொல்ல முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

பலகையைத் தாங்கியில் வைத்தேன். அப்போதுதான் முன் பக்கம் பார்த்தேன். டயர் நேராகத் தொங்கியது. நல்ல வெள்ளை. முந்நூறு அடியிலிருந்து தெரியும்.

பிப்ரவரி 8, சனி

திறப்பு விழா. பெரிய மனிதர்கள் பேசினார்கள். அம்மணிக்குச் சால்வையும் கேடயமும் கொடுத்தார்கள். மைக்கில் அவர் ரொம்பப் பேசவில்லை. "பலகை பிடித்தவர் நஞ்சப்பன். அவர் சரியாகப் பிடித்தார்" என்று மட்டும் சொன்னார். கூட்டத்துக்கு அது ஏன் என்று தெரியாது. இருந்தும் கை தட்டினார்கள்.

பழைய அட்டையை எடுத்துவிட்டார்கள். பலகைக்குக் கீழே இன்று ஒன்றும் இல்லை. நேற்றே நிதின், தாத்தா பெயர் அட்டையில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மணி, அது வராமல் எப்படி என்றார். கீர்த்திவாசன் இருவருக்கும் நடுவில் நின்று வியர்த்தார். கடைசியில் அம்மணிதான், "மாட்டினவன் அவன். அவனே எழுதட்டும். அவன் எழுதினதை அப்படியே வையுங்க. அச்சு வேண்டாம், அவன் கையெழுத்து" என்று முடித்தார். நிதின் என்னைப் பார்த்தார். நான் என்ன எழுதுவேனோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. என் எழுத்தைப் பார்த்து ஒருவர் பயப்படுவது இதுதான் முதல் தடவை.

கீர்த்திவாசன் நாலு கெட்டி அட்டை கொடுத்திருக்கிறார். மூன்று கெட்டுப்போகலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். டம்ளர் ஐந்தும் திரும்பி வந்துவிட்டன. பெட்டியில் டயர் மட்டும்தான் இருக்க வேண்டும், அதுதான் சரி என்று கீர்த்திவாசன் கொடுத்துவிட்டார். மாராத்தாள் அதில் ஒன்றில் காப்பி கொண்டு வந்தாள். நான் சட்டையில் பொத்தானை ஒரு ஓட்டை மாற்றிப் போட்டிருந்தேன். அவள் பார்த்தாள். வாய் வரை வந்தது. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அது கொஞ்சம் புதிதாக இருந்தது. எனக்கு அந்தப் பேச்சு இல்லாமல் ஒரு மாதிரி இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

அட்டைக்கு எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"சோழவரம். பதினெட்டாம் சுற்று.
உள்ளே வா என்று டயர் மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன்.
அவர் பார்த்தார். வரவில்லை. ஜெயித்தார்.
மாட்டியவன், நஞ்சப்பன்."

"யாரு சொன்னாங்கன்னு போடலையே?" என்றாள்.

"அந்தச் சுவத்துல அவரு படம் இருக்குதுல்ல. வர்றவங்க பாத்துக்குவாங்க."

அவள் யோசித்தாள். "மூணு மாசம் எங்க அண்ணன் வீட்டுல சாப்பிட்டதைப் போட முடியாதா?"

"நாலு வரிதான் இடம்."

"சரி. மாட்டியவன்னு போடாதீங்க. மாட்டியவர்னு போடுங்க. நான் சொன்னேன்னு போடுங்க."

மாற்றினேன். அவள் சொன்னாள் என்பதை மட்டும் போடவில்லை. இடம் இல்லை.

இரண்டாவது அட்டையும் கெட்டுவிட்டது. 'ஜெயித்தார்' என்பது கோட்டை விட்டு மேலே ஏறிவிடுகிறது. புதன்கிழமைக்குள் தபாலில் போட வேண்டும். ஆகவே டீச்சர், இந்த வாரம் கை முழுக்க அந்த அட்டைக்குத்தான். அடுத்த ஞாயிறு மத்தியானம், குடங்களை நிரப்பி வைத்துவிட்டு, இந்த நோட்டில் உட்காருகிறேன். அதுவரை நீங்கள் பழையதைத் திருத்தலாம். ஜனவரி 26 பக்கத்தில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துவிட்டேன்.